அதே சைஸ் செல்

அந்தச் சாவிக்கொத்து லைட்டை உள்ளே வைங்கக்கா. கோவிச்சுக்காதீங்க, நான் கொஞ்சம் பட்டுன்னு பேசறவள். ஏறினதிலிருந்து அதைத் திருகி எரியவிடறதும் அணைக்கிறதுமா வர்றீங்க. எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியுது.

உங்க லைட்டு மேல தப்பு ஒண்ணும் இல்லை. கொடுங்க, பார்க்கிறேன். ம், ரிமோட்டுக்குப் போடற சின்ன செல், ஒண்ணே ஒண்ணு. ஒன்றரை வோல்ட். சாதா லைட்டு. இந்தாங்க. இதுக்குள்ளே வேற செல் போட்டா சூப்பரா எரியும்னு யாராவது சொன்னா என்கிட்ட அனுப்புங்க. வேண்டாம், அனுப்பாதீங்க. நான் அதை விட்டுட்டேன். விட்டுட்டேன்னு ஏன் சொல்லணும்? என்கிட்ட இருந்து பிடுங்கிட்டாங்க.

யாரா? ஜெனிட்டா. என் கூட்டாளி. இந்தக் கூட்டாளிங்கிற வார்த்தையை முதல்ல நிறுத்தணும். வாய் பழகிப்போச்சு.

முன்னாடி சில்வர் ஓக் மரம் விழுந்து கிடக்கு. ரம்பத்தோட ஆள் வந்து அறுக்கிற வரைக்கும் பஸ் நகராது. சொல்லட்டுமா? நீங்க வேண்டாம்னாலும் சொல்லத்தான் போறேன். எங்க டீ எஸ்டேட் லைன்ல யாரும் என் பேச்சை இப்போ காது கொடுத்துக் கேட்கிறதில்லை. நீங்க வெளியூர், உங்களுக்கு யாரையும் தெரியாது, அதனால நியாயமாச் சொல்வீங்க.

என் பேரு நிரோஷா. பிளஸ் ஒன் பாதியில நின்னவள். ஏன் நின்னேன்னு எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கேட்பாங்க. ஒரு சோகமும் இல்லைக்கா. போரடிச்சது, நின்னுட்டேன். ஃபிசிக்ஸ் சார் கரண்ட் பாடத்தை முழுசா நோட்ஸ் சொல்லியே முடிச்சார். ஒரு பல்பை எரிய வைச்சுக் காட்டலை. "சார், நான் வீட்டுல இருந்து வயர் கொண்டு வரட்டுமா?"ன்னு கேட்டேன். வெளியே போய் நில்லுன்னார். வெளியே நின்னேன். நின்னவள் அப்படியே நடந்து வீட்டுக்கு வந்துட்டேன். இப்போ வால்பாறை டவுன்ல செல்போன் ரிப்பேர் கடையில இருக்கேன். இப்பவும் அங்கேதான் போறேன். வேற எங்கேயும் இறங்கப் போறதில்லை.

சரி, லைட்டு. போன மே தினத்துக்குக் கம்பெனி எல்லாத் தொழிலாளிக்கும் ஒரு லட்டும் ஒரு சாவிக்கொத்து லைட்டும் கொடுத்தது. லட்டு நல்லா இருந்தது. லைட்டு இருக்கே, சுண்டுவிரல் நீளம், தலையைத் திருகினா எரியும். எரியுதுன்னு நாமளா நினைச்சுக்கணும். எங்க லைன்ல, அதான் கம்பெனி கொடுத்த வீடுங்க வரிசையா ஒட்டிக்கிட்டு இருக்குமே, அங்கே கக்கூஸ் எல்லாம் தள்ளித் தேயிலைக்கு ஓரமா இருக்கு. பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடியே போயிட்டு வந்தாகணும். ஆடி மாசம் மேகம் தரையோட தரையா இறங்கிட்டா விடிஞ்சாலும் விடியாத மாதிரிதான். கரடி நிக்குதா, சிறுத்தை படுத்திருக்கான்னு ஒண்ணும் தெரியாது. அந்த லைட்டை அடிச்சா சிறுத்தையே சிரிச்சுட்டுப் போகும்.

கடையில வேலை இல்லாதப்போ நான் வீடியோ பார்ப்பேன். அதுல ஒருத்தன் இதே மாதிரி லைட்டுல லித்தியம் செல் போட்டான். சார்ஜ் பண்ணிப் பண்ணிப் போடற செல். பார்த்தா சாதா செல் மாதிரியே இருக்கும். அதே நீளம், அதே தடிமன், உள்ளே அப்படியே உட்காரும். ஆனா ஒன்றரை இல்லை, மூணு புள்ளி ஏழு வோல்ட். முழுசா சார்ஜ் ஏத்தினா நாலையும் தாண்டும். அவன் திருகினதும் ரூமே வெளுத்துப் போச்சு. எனக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு நாள்கூட வராத ஒரு இது வந்ததுக்கா, நெஞ்சுக்குள்ளே. முதலாளியை நச்சரிச்சு ஆன்லைன்ல செல்லும் சார்ஜரும் வரவழைச்சேன்.

வந்த அன்னைக்கே ஜெனிட்டாகிட்டதான் ஓடினேன். அவங்க வீடு எங்களுக்கு அடுத்த வீடு. என்னை விடப் பெரியவள், ஆனா எங்களுக்குள்ளே வாடி போடிதான். எஸ்டேட் காப்பகத்துல வேலை பார்த்தாள். இலை பறிக்கப் போறவங்க கைக்குழந்தைங்களை அங்கேதான் விட்டுட்டுப் போவாங்க. பார்த்தாள்னு சொல்றேன் பாருங்க, இப்போ இல்லை. சாயங்காலம் கடைசிக் குழந்தையும் போனப்புறம், காப்பகத்து வாசல்ல நின்னு திருகினேன். மேகத்துக்குள்ளே கத்தி போன மாதிரி போச்சு வெளிச்சம். கீழே தண்ணித்தொட்டி தெரிஞ்சது, தொட்டி மேல காயப்போட்ட யாரோட பாவாடையோ தெரிஞ்சது.

"மாதாவே!"ன்னாள் ஜெனிட்டா. "எப்படிடி?"

"உள்ளே ஒரு சின்ன போர்டு இருக்கு. ஒன்றரையைத் தூக்கி மூணாக்கி பல்புக்குக் கொடுக்கிறது அதோட வேலை. நாம நாலோட உள்ளே போனா அது, 'எனக்கு வேலை இல்லை, நீங்களே போங்க'ன்னு வழி விட்டுடும்."

"பல்பு தாங்குமா?"

"தாங்குதே."

"சுடுதுடி."

"வெளிச்சம்னா சுடத்தான் செய்யும். பத்து எண்ணு, அணைச்சுடு."

"நான் பத்து எண்ணி முடிக்கிற வரைக்கும் கரடி நிக்குமா?"

அவள் அப்படித்தான். நல்லது ஒண்ணு நடந்தா அதுல ஒரு நொட்டை கண்டுபிடிச்சாகணும் அவளுக்கு.

அப்புறம் பாருங்க, லைன் பூரா பரவிடுச்சு. எல்லா வீட்டுலயும் கம்பெனி கொடுத்த அந்தச் செத்த லைட்டு தொங்கிட்டு இருந்ததில்லையா? ஒவ்வொருத்தரா என்கிட்ட கொடுத்தாங்க. நான் செல் மாத்திக் கொடுத்தேன். மாரித்தாய் சித்தி ஒரு நாள் லைட்டைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஏண்டி நிரோஷா, இதை அடிச்சா எங்க வீட்டு ஆளு எங்கே உட்கார்ந்து குடிக்கிறாருன்னு தெரியுமா?"ன்னு கேட்டாங்க.

"எங்கேன்னு தெரியும் சித்தி. எப்போ நிறுத்துவாருன்னு தெரியாது."

"அதுக்கு எத்தனை வோல்ட்டு வேணும்?"

"அதுக்குக் கம்பெனியே கரண்டு விடணும்."

சிரிப்பான சிரிப்பு. என்னை யாரும் அதுக்கு முன்னாடி அப்படி வேலை மெனக்கெட்டு நின்னு கேட்டதில்லைக்கா. படிப்பை விட்டவள், வாய் நீளம், இதுதான் எனக்குப் பேரு. திடீர்னு எல்லாரும், "நிரோஷா, இங்கே வாம்மா"ங்கறாங்க. வாம்மா!

ஒரு சங்கடம் என்னன்னா, சார்ஜ். இந்தச் செல்லுக்குத் தனி சார்ஜர் வேணும். எங்க லைன்ல கரண்டு வந்தா வரும். காப்பகத்துக்கு ஆபீஸ் கரண்டு வர்றதால அங்கே நிக்காது. அதனால ஜெனிட்டா சார்ஜரைக் காப்பகத்துல ஜன்னல் மேல வைச்சாள். பொம்பளைங்க காலையில குழந்தையை விடறப்போ செல்லையும் கொடுப்பாங்க, சாயங்காலம் குழந்தையைத் தூக்கறப்போ செல்லையும் வாங்கிப்பாங்க. யாரோட செல் எதுன்னு தெரியறதுக்கு அவள் கலர் நூல் சுத்திக் கட்டினாள். அவ்வளவுதான் அவள் செஞ்சது. நூல் கட்டினாள்.

அதுக்கு என்ன பேரு வைச்சாங்க தெரியுமா? "ஜெனி லைட்டு."

"சித்தி, அது நான் பண்ணினது"ன்னு சொன்னேன். "ஆமாமா, நீயுந்தான்"னாங்க. நீயுந்தானாம்! நான் ஜெனிட்டாகிட்ட கேட்டேன், "அவங்க அப்படிச் சொல்றப்போ நீ ஏன் வாயை மூடிக்கிட்டு இருக்கே?" அவள் சிரிக்கிறாள். "பேர்ல என்னடி இருக்கு, எரிஞ்சா சரி"ங்கறாள். பேரு தனக்கு வந்துட்டா யாரு வேணும்னாலும் அப்படிச் சொல்லலாம்.

அவள் என்ன பண்ணினாள்னா, வர்றவங்ககிட்ட எல்லாம் பயங்காட்ட ஆரம்பிச்சாள். "அக்கா, பத்து எண்ணிட்டு அணைச்சுடுங்க. இடுப்புல செருகாதீங்க. அணைச்சப்புறம் தலை தளர்வா இருக்கான்னு பாருங்க. குழந்தை கையில கொடுக்காதீங்க." மருந்துச் சீட்டு மாதிரி. நான் சொன்னேன், "நீ இப்படிப் பேசினா யாரு வாங்குவா? மனுஷங்களுக்குச் சூடு தெரியாதா? சுட்டா எடுத்துடப் போறாங்க." அதுக்கு அவள், "எங்க அம்மாவுக்கு மட்டும் போட்டுக் கொடுத்துடாதே நிரோ. அது எதைக் கொடுத்தாலும் இடுப்புலதான் செருகும்"னாள்.

அவங்க அம்மாதான் லூர்து அத்தை. நல்லவங்க. எனக்குக் காய்ச்சல்னா கஞ்சி கொண்டு வர்றது அவங்கதான். ஒரு நாள் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. "ஏண்டி, ஊருக்கெல்லாம் கொடுக்கிறே, எனக்கு ஒண்ணு இல்லையா? என் மகளைக் கேட்டா நாளைக்கு நாளைக்குங்கறா"ன்னாங்க. நீங்களே சொல்லுங்கக்கா, கூட்டாளியோட அம்மா வாசல்ல வந்து கேட்கறாங்க, இல்லைன்னு சொல்றதா? போட்டுக் கொடுத்தேன். புதுசா வந்த செல், நல்லா சார்ஜ் ஏத்தினது. இருக்கிறதிலேயே பெஸ்ட். பத்து எண்ணற கதையை அவங்க மகள் சொல்லியிருப்பாள்னு விட்டுட்டேன். காப்பகத்துல வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சொல்றவள் வீட்டுல சொல்ல மாட்டாளா?

அதுக்கு அப்புறம் நடந்ததை நான் பார்க்கலை. கடையில இருந்தேன். தேயிலைக் காட்டுல அத்தை கூட வேலை செஞ்சவங்க சொன்னதுதான்.

மழைக்காலத்துல இலை பறிக்கப் போறவங்க இடுப்பைச் சுத்திப் பிளாஸ்டிக் சீட்டைக் கட்டி, மேல கயிறு போட்டு இறுக்குவாங்க. செடி ஈரம் உள்ளே வராது. அத்தை அந்தச் சீட்டுக்கு உள்ளே, சேலைக் கொசுவத்துல லைட்டைச் செருகியிருக்காங்க. குனிஞ்சு நிமிர்ந்து குனிஞ்சு நிமிர்ந்து, அது தானா திருகி எரிய ஆரம்பிச்சிருக்கு. பகல் நேரம், பிளாஸ்டிக்குக்கு உள்ளே, வெளிச்சம் யாருக்குத் தெரியும்? சூடும் வெளியே போக வழியில்லை.

சுட்டா எடுத்துடணும்தானே? எடுக்கலை. ஏன்னா எங்க ஊர்ல அட்டை உண்டு. மழை பெய்ஞ்சா செடிக்குச் செடி அட்டை. அது ஏறாம இருக்க இவங்க புகையிலைத் தண்ணியும் சுண்ணாம்பும் குழைச்சுக் கால்ல, இடுப்புல எல்லாம் தடவிக்குவாங்க. அது எரியும். தினமும் எரியும். அத்தை அதுதான் எரியுதுன்னு நினைச்சுட்டாங்க. "இன்னைக்குச் சுண்ணாம்பு கூடிப்போச்சு போல"ன்னு பக்கத்துச் செடி நிரையில இருந்தவங்ககிட்ட சொல்லிச் சிரிச்சாங்களாம். எடை போடற நேரம் வேற நெருங்குது, யாரு நின்னு சீட்டை அவிழ்ப்பாங்க? பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பறிச்சிருக்காங்க. எடை போடற இடத்துல கூடையை இறக்கினப்போதான் உட்கார்ந்துட்டாங்க. சீட்டை அவிழ்த்தா, சேலை தோலோட ஒட்டிக்கிட்டு...

விடுங்க. அதைச் சொல்ல வேண்டாம்.

லைட்டு கெடலைக்கா. அதுதான் எனக்கு ஆச்சரியம். அப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருந்ததாம்.

லைன்ல உடனே பேட்டரி வெடிச்சிருச்சுன்னு கிளப்பிவிட்டாங்க. வெடிக்கவே இல்லை. நான் போய் ஒவ்வொருத்தர்கிட்டயும், "வெடிக்கலை, சூடாச்சு, அவ்வளவுதான்"னு சொன்னேன். மாரித்தாய் சித்தி என் மூஞ்சியைப் பார்த்துட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. இப்போ என்ன, உண்மையைச் சொல்லக் கூடாதா?

இப்போதான் விஷயத்துக்கு வர்றேன். மறுநாள் காலையில, வேலைக்குப் பிரிச்சு அனுப்பறதுக்கு முன்னாடி, துரை எல்லாரையும் ஆபீஸ் முற்றத்துல நிறுத்தினார். மேனேஜரை நாங்க இன்னும் துரைன்னுதான் சொல்றோம், சிரிக்காதீங்க. வேலையில இல்லாதவங்களும் வரணும்னு சொல்லியிருந்தாங்க. நானும் போனேன். அம்மா என் பக்கத்துல நின்னது. ஒரு பக்கெட்டை நடுவுல வைச்சு, எல்லா லைட்டையும் அதுல போடச் சொன்னாங்க. டங்கு டங்குன்னு விழுது, ஒவ்வொண்ணா. நான் போட்ட செல். கலர் நூலோட.

"யாரு இதைச் செஞ்சது?"ன்னு துரை கேட்டார்.

நான் சொல்லத்தான் போனேன். சத்தியமாச் சொல்றேன், வாயைத் திறந்துட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சு நகத்தால அழுத்திச்சு பாருங்க, இங்கே, இன்னும் தடம் இருக்கு. நான் 'ஆ'ன்னு திரும்பின நேரத்துல முன்னாடி இருந்து குரல் வருது.

"நான்தான் சார்."

ஜெனிட்டா.

எனக்கு ஒண்ணுமே புரியலை. துரை கேட்கிறார், "நீ என்ன செஞ்சே?" இவள் சொல்றாள், "பெரிய செல்லா போட்டா நல்லா எரியும்னு நினைச்சேன் சார்."

பெரிய செல்!

அக்கா, அது பெரிய செல்லா? அதே சைஸ்! அதே சைஸ் இல்லைன்னா உள்ளே எப்படிப் போகும்? வோல்ட்டு வேற, சைஸ் ஒண்ணு. இந்த விஷயமே அதுலதான் இருக்கு. அதைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியலை, இவள்தான் செஞ்சாளாம். துரையும் தலையை ஆட்டறார். அவ்வளவு பேரும் நிக்கறாங்க, எல்லாருக்கும் தெரியும் யாரு செஞ்சதுன்னு. மாரித்தாய் சித்திக்குத் தெரியாதா? அவங்க தரையைப் பார்க்கறாங்க. ஒருத்தர் வாயைத் திறக்கலை. நான், "அது பெரிய..."ன்னு ஆரம்பிச்சேன். அம்மா தன் முந்தானையை என் வாயில வைச்சுப் பொத்திச்சு. இருமற பிள்ளைக்குப் பொத்தற மாதிரி.

துரை போலீசுக்குச் சொல்றதாத்தான் இருந்தாராம். இவள் நானே வேலையை விட்டுப் போயிடறேன்னதும் சரின்னுட்டார். அதோட முடிஞ்சது.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கத்தினேன். அப்போதான் அம்மா சொல்லிச்சு. முந்தின நாள் ஆஸ்பத்திரி வாசல்லயே ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டாங்களாம். அம்மாவும் அவளும்! என்னன்னா, அம்மாவுக்கு இந்த மாசத்தோட ரிட்டயர்மென்ட். ரிட்டயர் ஆனா லைன் வீட்டைக் காலி பண்ணணும். அந்த வீட்டுல இருந்து ஒருத்தர் வேலைக்குப் பேர் கொடுத்தாதான் வீடு நிக்கும். எனக்குப் பதினெட்டு முடியப்போகுது, என் பேரைத்தான் கொடுத்து வைச்சிருக்கு. எனக்கு இலை பறிக்கிறதுல ஒரு ஆசையும் இல்லை, அது வேற. ஆனா என் பேர் ஆபீஸ்ல கெட்டுப்போனா வேலை கிடைக்காது, வீடும் போயிடும். அப்பா இல்லை. சொந்த ஊருன்னு சொல்லிக்க ஒரு கூரையும் இல்லை.

"நீ வாயைத் திறந்திருந்தா நம்ம நாலு சட்டிபானையும் ரோட்டுல கிடக்கும்டி"ன்னு அம்மா சொல்லிச்சு. "அந்தப் பொண்ணு காலைக் கழுவி நீ தண்ணி குடிக்கணும்."

"அவங்க வீடு மட்டும் நிக்குமா?"ன்னு கேட்டேன்.

"லூர்து இன்னும் வேலையில இருக்கால்ல. அவளுக்கு வருஷம் கிடக்கு. அதனால அவங்க வீட்டுக்கு ஒண்ணும் வராது."

எல்லாத்தையும் கணக்குப் போட்டு வைச்சிருக்காங்க பாருங்க. என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. வீட்டுல கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடம் பார்க்கிற மாதிரி, இவளை இங்கே நகர்த்து, அவளை அங்கே நகர்த்துன்னு பேசி முடிச்சிருக்காங்க. நான் மனுஷியா, பீரோவா?

மறுநாள் குழாயடியில அவளைப் பிடிச்சேன். குடத்தை வைச்சுட்டு நின்னாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

"என்னோடதை ஏண்டி உன்னோடதுன்னு சொன்னே?"

"உன் வேலையைப் பாரு நிரோ."

"உனக்கு வோல்ட்டுன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது."

"பின்னே?"

"தெரியாததாலதான் திட்டிட்டு விட்டாங்க. தெரிஞ்சு செஞ்சவள்னா விட்டிருக்க மாட்டாங்க."

பாருங்க திமிரை! குடம் நிரம்பி வழியுது, அவள் எடுக்கவும் இல்லை. நான் கேட்டேன், "பேரு உனக்கு வந்தப்போ வாயை மூடிக்கிட்டே. இப்போ நான் பேச வேண்டிய இடத்துல வாயைத் திறக்கிறே. உனக்கு என்னதான் வேணும்?"

அவள் குழாயை மூடினாள். அப்புறம் சொல்றாள், "அம்மாவை வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போடி. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு."

நான் போகலை. எப்படிப் போறது? ஆஸ்பத்திரின்னாலும் வீடுன்னாலும் பக்கத்துல இவள் இருப்பாளே. இவள் மூஞ்சியில முழிக்கறதில்லைன்னு வைராக்கியமா இருக்கேன்.

என்னக்கா? அத்தைக்கு இப்போ எப்படி இருக்கா? ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுன்னுதானே சொல்றேன், போகலை. எழுந்து நடக்கறாங்களாம். தோல் ஆறிடும்தானே? சின்ன லைட்டுக்கா அது, சுண்டுவிரல் நீளம்.

ரம்பம் நின்னுடுச்சு. பாருங்க, மரத்தை உருட்டிட்டாங்க, டிரைவர் ஏறிட்டார். நல்லவேளை. அடுத்த ஸ்டாப் எஸ்டேட் ஆபீஸ், அப்புறம் நேரா டவுன்தான். ஆபீஸ் வர்றப்போ நான் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துக்கிறேன், தப்பா நினைக்காதீங்க. இன்னைக்குத்தான் அவள் காப்பகச் சாவியை ஒப்படைச்சுட்டுக் கிளம்பறாள். திருப்பூர்ல ஏதோ பனியன் கம்பெனி, ஹாஸ்டல்ல தங்கணுமாம். சின்னக் குழந்தைங்களைத் தவிர அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அங்கே போய் என்ன தைப்பாள்? காலையில அம்மா, "போறப்போ ஒரு வார்த்தை பேசிட்டுப் போ"ன்னு கெஞ்சிச்சு. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

நீங்களும் அதையேதான் சொல்றீங்க! எனக்காகத்தான் செஞ்சாளாம். எங்க அம்மாகிட்ட ட்யூஷன் போனீங்களா? எனக்காகன்னா என்கிட்ட சொல்லணுமா வேண்டாமா? சின்னப் பிள்ளையில இருந்து பழகினவள், சோறு இருக்கா இல்லையான்னு என் கண்ணைப் பார்த்தே சொல்றவள், இதை மட்டும் என் முதுகுக்குப் பின்னாடி வைச்சுக்கிட்டாள். நான் மாட்டேன்னு சொல்லிடுவேன்னு அவளுக்குத் தெரியும். அதனாலதான் சொல்லலை. தெரிஞ்சே என்னை ஏமாத்தினாள்.

லைன்ல இப்போ அவளுக்கு என்ன பேரு தெரியுமா? பெத்த தாயைச் சுட்டவள். நேத்து குழாயடியில ரெண்டு பேர் பேசறாங்க, அவள் பக்கத்துல நின்னு தண்ணி பிடிக்கிறாள், காது கேட்காத மாதிரி. யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சவங்களே அப்படிப் பேசறாங்கக்கா. ஒரு தடவை துரைகிட்ட சொல்லியாச்சுன்னா அப்புறம் அதுதான் உண்மை மாதிரி ஆகிடுது. ஜெனி லைட்டுன்னாங்க, சரி, போகட்டும். ஆனா அந்தப் பேச்சு அவளுக்கு வர வேண்டியதா? அது என்னோடது. அந்தச் செல் போட்டது நான், அத்தை வந்து கேட்டது என்கிட்ட, திட்டு வந்தாலும் எனக்குத்தானே வரணும்? அதையும் எடுத்துக்கிட்டுப் போறாள். அதைத் தூக்கிக்கிட்டுத் திருப்பூர் வரைக்கும் போறாள்.

ஆபீஸ் வந்துடுச்சு.

நான் பார்க்கலை. நீங்களும் பார்க்காதீங்க. மஞ்சத் துப்பட்டா போட்ட பொண்ணா? ஆமா, அவள்தான். பக்கத்துல யாரு, அத்தையா? வந்துட்டாங்களா? தள்ளுங்க, கொஞ்சம் தள்ளுங்கக்கா.

ஏன் அத்தை அப்படி நடக்கறாங்க? ஒரு பக்கமா சாய்ஞ்சுக்கிட்டு... கூடை இல்லையே, இடுப்புல ஒண்ணும் இல்லையே. அவள் தோளைப் பிடிச்சுக்கிட்டுல்ல ஏறறாங்க, ஆபீஸுக்கு ரெண்டே படிதான்.

எழுந்து நடக்கறாங்கன்னுதானே சொன்னாங்க.

ஐயோ, பஸ்ஸை எடுத்துட்டாரே! கண்டக்டர் அண்ணே, நிறுத்துங்க. டவுனுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், தெரியும், அதுக்கு என்ன இப்போ? நிறுத்துங்கண்ணே! விசில் அடிங்க!

வீடு போகும்தான். தெரியாமலா எழுந்திருக்கேன்? அம்மா என்னைக் கொன்னுடும். அந்த நாலு சட்டிபானையும் எங்க தலையிலதான் வந்து விழும். அதை அப்புறம் பார்த்துக்கலாம். காலை மடக்குங்கக்கா, அவள் சாவியைக் கொடுத்துடுவாள். என் பையை இந்தப் பக்கம் போடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்.

ஏய்! ஜெனிட்டா! நில்லுடி அங்கேயே! சாவியைக் கொடுக்காதே! திருடி, என்னோடதை எடுத்துக்கிட்டு எங்கேடி போறே?